ஜில்லென்று இரண்டு சொட்டு

போன வாரம் என் வீட்டுக்காரிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. நாளுக்கு நான்கு முறை சொட்டு மருந்து விடச் சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் அவளைப் படுக்க வைத்து, இமையைப் பிரித்து, இரண்டு சொட்டு விட்டேன். "ஜில்லுன்னு இருக்குதுங்க" என்றாள். பாட்டில் என் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. அதற்குப் பிறகு மகள்தான் மருந்து விடுகிறாள். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கைக்கு ஒன்றும் இல்லை. நேற்றுகூட ஒரு மணி நேரம் கீபோர்டு வாசித்தேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோது வாயைத் திறக்காதவன் இப்போது எழுதி என்ன கிழிக்கப் போகிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சுனாமி வந்த மறு வருஷம் நான் நடத்திவந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு நீ பாட வந்தாய். அதற்கு முன் பல மாதங்கள் கடலோரத்தில் யாருக்கும் பாட்டுக் கேட்கிற மனசு இல்லை. திருவிழாக்கள் மறுபடி தொடங்கியபோது எங்களிடம் பாடகி இல்லை. இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். யாரோ சொன்னார்கள் என்று மரக்காணம் உப்பளத்துக்கு உன்னைத் தேடி வந்தேன். காலை ஒன்பது மணிக்கே பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தின. நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீளக் கழியில் பூட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தாய். பாடச் சொன்னேன். வேலையை நிறுத்தாமல் பாடினாய். மைக் இல்லாமலே நாலு பாத்தி தாண்டிக் கேட்டது. எனக்கு அது போதும், அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது உன் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"கண்ணு ஏம்மா இப்டி?"

"சூடுண்ணா. உப்பளத்துல எல்லாருக்கும் இருக்குது."

சூடு என்ற ஒரு சொல்லில் நம் ஊரில் பாதி வைத்தியம் முடிந்துவிடும். வயிற்றை வலித்தால் சூடு, கட்டி கிளம்பினால் சூடு, கண் சிவந்தால் சூடு. எண்ணெய் தேய்த்துக் குளி, மோர் குடி, சரியாகிவிடும். நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

முதல் கச்சேரி அனுமந்தையில். போகஸ் லைட் முகத்தில் விழுந்ததும் உன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவன், "டேய், பாட்டு ஆரம்பிக்கல, அதுக்குள்ள அழுவுதுடா" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. பைக் ஓட்டும்போது நான் போடுகிற கூலிங் கிளாஸ் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். ஆம்பிளைக் கண்ணாடி, உன் பாதி முகத்தை விழுங்கிவிட்டது. சிரிப்பு நின்றது. எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

கச்சேரிக்காரர்களுக்குச் சூடு என்றால் வேறு. கூட்டத்துக்கு 'ஹீட்' ஏற்ற வேண்டும். பாடுகிறவள் ஆட வேண்டும், கை தட்டச் சொல்ல வேண்டும், மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட வேண்டும். நீ குத்துப்பாட்டைக்கூட நட்டு வைத்த கம்பமாக நின்று பாடினாய். ஒரு கை மைக் ஸ்டாண்டில். தலை திரும்பாது. கூட்டம் எப்போது எழுந்து போகும் என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். யாரும் போகவில்லை. "இன்னா கூலா நிக்குது பாரு. நம்மள சட்டையே பண்ணல. கெத்துடா" என்று சொக்கிப்போனார்கள். கெஞ்சுகிறவளை மிஞ்சுவதும், சட்டை செய்யாதவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதும் ரசிகர்களின் ஜாதகம் போலிருக்கிறது. கீழ்புத்துப்பட்டில் பொழுது சாய்ந்த பிறகு இருபது பேர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார்கள். அதில் ஒருவன் ஸ்பீக்கர் வயர் தெரியாமல் தடுக்கி விழுந்தான். விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த நோட்டீஸில் உன் பெயருக்கு முன்னால் 'கூலிங் கிளாஸ்' என்று நானே அச்சடித்தேன்.

கண்ணாடிக்குள்ளே சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் மெடிக்கல் ஷாப்பில் போய், "கண்ணு சூடுங்க, சிவந்து கெடக்குது, சொட்டு மருந்து ஏதாச்சும் குடுங்க" என்றேன். டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள். வேனில் உன்னை உட்கார வைத்து நானே விட்டேன். "ஜில்லுன்னு இருக்குதுண்ணா" என்று சிரித்தாய். இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. அப்புறம் கச்சேரிக்குக் கச்சேரி இரண்டு சொட்டு, உப்பளத்துக்குப் போகும் முன் இரண்டு சொட்டு. ஒரு பாட்டில் தீரும் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடுவேன். பாடகியை நான் எப்படிக் கவனித்துக்கொள்கிறேன் என்று மற்றக் குழுக்காரர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

நீ சொல்லாமல் இருக்கவில்லை. "லைட்டச் சுத்தி வானவில்லு மாதிரி வட்டம் தெரியுதுண்ணா" என்றாய். "ஸ்டேஜ் லைட்டுன்னா அப்டித்தாம்மா" என்றேன். கூனிமேட்டில் ஒரு கல்யாண வரவேற்பு நினைவிருக்கிறதா? மாப்பிள்ளையின் மாமா பொன்னாடையோடு உன் இடப்பக்கம் வந்து நின்றார். நீ திரும்பவே இல்லை. பாட்டு முடிகிறவரை அந்தப் பெரியவர் துணியை விரித்துப் பிடித்தபடி நின்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. வேனில் ஏறியதும், "பெரிய ஆளாயிட்ட போலக்குதே" என்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

"நான் அவரப் பாக்கலண்ணா."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதையும் நான் கெத்து என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மரக்காணத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். கடவுள் வாழ்த்துப் பாட நம்மைக் கூப்பிட்டார்கள். வந்ததே வந்தோம், என் கண்ணைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வரிசையில் நின்றேன். பேச்சுத் துணைக்கு உன்னையும் நிற்க வைத்தேன். நல்லவேளை நிற்க வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை.

டாக்டரம்மா உன் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு விரலை மெல்ல உள்ளே கொண்டுவந்தார். "வெரல் தெரிஞ்சதும் சொல்லும்மா." நீ சொல்லவில்லை. விரல் காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. பின்னால் நின்ற எனக்குத் தெரிகிறது. உனக்குத் தெரியவில்லை. மூக்குக்கு நேரே கிட்டத்தட்ட வந்துவிட்ட பிறகுதான் "தெரியுதுங்க" என்றாய். மற்றக் கண்ணும் அப்படியே. நீ விளையாடுகிறாய் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"ஏதாவது சொட்டு மருந்து விடுறியா?" என்று கேட்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாய். ஒரு வருஷமாக என்றாய். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"இது செவப்ப உடனே எடுத்துடும். ஆனா டாக்டர் பாக்காம மாசக் கணக்குல விட்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும், நரம்பு செத்துப்போவும். ரெண்டு பக்கமும் பார்வ போயிருக்குது. போனது திரும்பி வராது. நடுவுல மிச்சம் இருக்கறத காப்பாத்தலாம், அவ்ளோதான். யாரு இத வாங்கிக் குடுத்தது?"

நான் அவர் கையிலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "நானாத்தாங்க வாங்கினேன்" என்றாய்.

இடி விழுந்தது மாதிரி என்பார்கள். இடி விழுந்தால் ஒரு தடவையோடு முடிந்துவிடும். எனக்கு அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் நீ ஆடாமல் நின்றது கூச்சமாக இருக்கலாம். பிறகு அப்படி நின்றது மேடையின் விளிம்பு தெரியாமல். மைக் ஸ்டாண்டை விடாமல் பிடித்தது, விட்டால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது என்பதால். படியேறும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டதை அண்ணன் மேல் உள்ள பாசம் என்று நினைத்திருந்தேன். கூல் என்று ஊர் ஊராக நான் விற்றது உன் குருட்டுத்தனத்தை. அதற்கு மருந்து ஊற்றி வளர்த்ததும் நானே. இத்தனை வருஷமாகியும் அந்த அதிர்ச்சி எனக்கு அடங்கவில்லை.

முகாமிலிருந்து ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். உச்சி வெயில். நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. "வூட்ல இப்பச் சொல்லிடாதீங்கண்ணா" என்றாய். பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பிக் கேட்டாய்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. அவங்கள்லாம் கை தட்டனது என் பாட்டுக்கா, கண்ணாடிக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல மனசு வராததால் அல்ல. எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் உன் பக்கத்தில் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான். சுருதி தப்புகிறதா, கூட்டம் குறைகிறதா, யார் விசில் அடிக்கிறான், யார் எழுந்து போகிறான் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பாட்டை ஒரு நாளும் கேட்டதில்லை. பஸ் வந்தது. ஏறிவிட்டோம்.

அத்தோடு நீ மேடையை விட்டாய். உப்பளத்தையும் விட்டாய். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லிக் கடை போட்டு, மிச்சமிருந்த அந்த நடுப் பார்வையை வைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாய். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவேன். கேள்வியை நீ மறுபடி கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று போன் வந்தபோது, எடுத்துச் செல்ல என்னிடம் ஒரு மாலைதான் இருந்தது.

உன் வீட்டு வாசலில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு வந்தார். கீழ்புத்துப்பட்டாம். முன்னந்தலை வழுக்கை. "சார், அந்த அக்கா எங்கள ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. அதான் சார் கெத்து" என்றார். அன்று எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. "அதுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியலப்பா. நான் வாங்கிக் குடுத்த மருந்துதான் காரணம்" என்று முதல் முறையாக ஒரு மனிதரிடம் சொன்னேன்.

அவர் வாயில் விரலை வைத்தார். பிறகு யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்: "கண்ணாடியெல்லாம் சும்மா, ஒரு ஜாலிக்குப் போட்டோம் சார். கடைசிப் பாட்டு வரும் பாருங்க, அதுல ரெண்டாவது தடவ பல்லவிக்குத் திரும்பி வர்றப்ப அக்கா கொரல நல்லா எறக்கிப் பாடும். பக்கத்துல குசுகுசுன்னு சொல்ற மாதிரி. அதக் கேக்கத்தான் சார் ஊர் ஊரா சைக்கிள்ல வந்தோம்."

வீட்டுக்கு வந்து கீபோர்டில் அந்தப் பாட்டை எடுத்தேன். பல்லவி வந்தது. இரண்டாவது முறை எங்கே இறக்கினாய், எவ்வளவு இறக்கினாய், எனக்குத் தெரியவில்லை. தினமும் வாசித்துப் பார்க்கிறேன். அந்தக் கேள்வியை நீ அவரிடம் கேட்டிருக்க வேண்டும். என்னிடம் கேட்டுவிட்டாய்.