காணாமல் போன தொண்ணூறு செல்கள்

மார்ச் 3
லேப்டாப் இன்றும் ஹேங். யாரோ புண்ணியவான்கள் ஒரு நுரையீரல் தரவை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஐந்து லட்சம் செல்கள், ஒவ்வொன்றிலும் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்ற விவரத்தோடு. என் லேப்டாப்புக்கு ஐம்பதாயிரமே அதிகம். அக்கா எட்டிப் பார்த்தாள்: “அஞ்சு லட்சமா? உன் மூளையில எத்தன இருக்குன்னு எண்ணிப் பாத்தியாடி?”

மார்ச் 4
கண்ணை மூடிக்கொண்டு பத்தில் ஒன்றை எடுத்தேன். செல்கள் வகைவகையாகக் கூட்டம் சேர்ந்து நிற்கும் படம் வந்தது! ஆனால் நான் தேடிய அரிய வகையைக் காணோம். மொத்தமே தொண்ணூறு செல்தான்; ஒன்பது மிஞ்சி, பக்கத்துக் கூட்டத்தில் கரைந்துவிட்டது. ஐயோ, நானே தொலைச்சுட்டேனே!

மார்ச் 7
எல்லா வகையிலும் சம எண்ணிக்கை எடுக்க ஒரு கோட் எழுதினேன். தொண்ணூறும் பளிச்! செல் தரவுகளை அலச நான் உயிரை விடும் ஒரு இலவச மென்பொருள் கருவி இருக்கிறது; யார் வேண்டுமானாலும் அதில் சேர்க்கச் சொல்லி கோட் அனுப்பலாம். துணிந்து அதற்கே அனுப்பிவிட்டேன். அதை எழுதியவர் தன் முகப்புப் படமாக ஆந்தையை வைத்திருப்பதால், அதைப் பயன்படுத்தும் எங்கள் ஆன்லைன் குழுவில் அவர் பெயர் ஆந்தை. வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டவள் நான். என் கோட் அந்தக் கருவிக்குள்ளே போனால்...

மார்ச் 9
ஆந்தையே பதில் போட்டார்!! “கோட் சுத்தமா இருக்கு. ஆனா இதப் பாக்கறவங்க நுரையீரல்ல எல்லா வகையும் சமம்னு நெனச்சுப்பாங்க. அப்படி ஒரு நுரையீரல வச்சுக்கிட்டு யாரும் மூச்சு விட முடியாது.”
சேர்க்கவில்லை.
சுத்தம்னு சொன்னாரே — ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

மார்ச் 10
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள்.
“இப்ப என்னதான் வேணும்? நெஜமான விகிதம் மாறக் கூடாதா, எல்லாரும் கண்ணுல படணுமா?”
“ரெண்டும்.”
“பொறந்ததுலேர்ந்தே உனக்கு ரெண்டும்தான்.”
சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் — நான் ஏன் முடிவு பண்ணணும்? ரேடியோவில் இருப்பது போல ஒரு திருகு வைத்தால்? ஒரு முனையில் உண்மை விகிதம், மறுமுனையில் சமம். எங்கே நிறுத்துவது என்பது பயன்படுத்துகிறவர் பாடு. அரிய வகைகளில் கை வைக்கவே கூடாது. மிஞ்சும் ஒவ்வொரு செல்லோடும் அது எத்தனை செல்லுக்காக நிற்கிறது என்ற எண்ணும் இருக்க வேண்டும். அப்போதுதான் உண்மை விகிதத்தை எப்போதும் திரும்பப் பெறலாம்.

மார்ச் 18
திருகோடு மறுபடி ஆந்தைக்கு அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மெயிலைத் திறந்து பார்க்கிறேன்; சோறு இறங்கவில்லை.

மார்ச் 21
சேத்துட்டார்! சேத்துட்டார்! சேத்துட்டார்!
அக்கா ஆபீஸ் முழுக்க, “என் தங்கச்சி நுரையீரலுக்குத் திருகு வச்சிருக்கா” என்று சொல்லியிருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டார்களாம்.

ஏப்ரல் 6
முதல் புகார்! முன்பின் தெரியாத ஒருவர். அவருடைய தரவில் ஒரு வகைக்கு ஒரே ஒரு செல். அந்த இடத்தில் என் கோட் நின்றுவிடுகிறதாம். ஆந்தை, “இது உங்க ஏரியா” என்று என்னிடம் தள்ளிவிட்டார்.
“திட்டு வாங்கிட்டு இளிக்கிற ஆள இப்பதான் பாக்கறேன்” என்றாள் அக்கா.
சரிசெய்து, பதிலும் போட்டேன்: “மன்னிக்கணும். எங்க கருவியில இருந்த பிழைதான்.”
‘எங்க’ கருவி. அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். மாற்றவில்லை.