பன்னிரண்டு மணிச் சிப்பி ரத்தம்

நவம்பர் 18, செவ்வாய்

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சிப்பிகளுக்குக் கிருமி ஊசி போட்டேன். நண்பகலில் அவற்றின் ரத்த அணுக்களில் எதிர்ப்பு மரபணுக்களின் செயல்பாடு உச்சத்துக்கு ஏறி, மாலைக்குள் அடங்க வேண்டும். இன்று பார்த்தால் பன்னிரண்டு மணி ரத்தமும், மாலை ஆறுக்கு நான் எடுத்த ரத்தமும் ஒன்றுபோல் அடங்கிக் கிடக்கின்றன.

பன்னிரண்டு மணி ரத்தத்தை ஆய்வக உதவியாளர் சிவா அண்ணாவிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தேன். இன்று அவரைக் கேட்டேன்.

“பன்னிரண்டுக்குத்தானே எடுத்தீங்க அண்ணா?”

“ஓம் தங்கச்சி, சரியா பன்னிரண்டுக்கு எடுத்தனான். ஏன் கேக்கிறீர்?”

என் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் என் தட்டில் சாம்பார் ஊற்றியவரே அவர்தான். முன்கூட்டியே எடுத்துவிட்டு வந்திருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மாலையில் நான் வருவதற்குச் சற்று முன்புதான் எடுத்திருக்கிறார் போல.

பேராசிரியரிடம் சொல்லலாம்தான். ஆனால் ஆய்வக நோட்டில் அந்தப் பன்னிரண்டு மணிக்கு எதிரே, ரத்தம் எடுத்தது நானே என்று என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

அது அவருக்கும் தெரியுமோ என்னவோ. குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு புறப்படும்போது சிரித்தபடி கேட்டார்: “ஞாயிறு சாம்பார் எப்பிடி இருந்தது?”