முருகா என்று முடிப்பதற்குள் வெடிக்கும் ட்ரிக்கர்

ஜூலை 13, ஞாயிறு

இன்றும் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் ரைபிள் கிளப்புக்குப் போய் வந்தேன். அண்ணன் மகள் பானுப்ரியாவுக்குத் துணையாகப் போக ஆரம்பித்த இடம். அவள் போலீஸ் வேலை கிடைத்துப் போய்விட்டாள், நான் மாட்டிக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதில் கவிழ்ந்து படுத்து பாயிண்ட் டூ டூ துப்பாக்கி சுடுகிறேன் என்றால் தெருவே சிரிக்கும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் மட்டும் சொன்னேன். பூக்காரியிடமும். பால்காரர் அவராகவே கேட்டார்.

என் வழி ஒன்றுதான். ட்ரிக்கரில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே ‘ஓம் முருகா’ என்பேன். ‘கா’ வரும்போது சரியாக வெடிக்கும். நடுப்புள்ளி, பத்துக்குப் பத்து! சுடுவது மயிலம் முருகர், பிடித்துக்கொண்டு படுத்திருப்பது நான்.

இன்று துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் கண்ணையன் தலையில் கல்லைப் போட்டான். “யக்கா, ட்ரிக்கர் ரொம்ப டைட்டா கீது. அழுத்தறப்ப குழலே ஆடுது. லேசான ட்ரிக்கர் ஆர்டர் போட்டுட்டோம். இனிமே தொட்டா போதும்.”

ஆகஸ்டு கடைசியில் செலக்‌ஷன். பெரிய வயசுப் பெண்களில் ஒருத்திதான் மெட்ராஸ் போட்டிக்குப் போகலாம். நான், இல்லாவிட்டால் குசுமா. இரண்டு பேருக்கும் அந்த ஒரே கிளப் துப்பாக்கி. குசுமா செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம், நிலத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிறவர்கள். எறும்பைக் கண்டால்கூட ஒதுங்கி நடப்பாள். “காயிதத்தைத்தானே சுடறோம்” என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பேசாத மனுசியை எப்படி எடை போடுவது?

மெட்ராஸில் மைக்கில் பேரைக் கூப்பிடுவார்களாம். அம்சா மாரியப்பன், திண்டிவனம்! என் பேரை மைக்கில் யாரும் கூப்பிட்டதே இல்லை. ஒருதரம் திருவிழாவில் கூப்பிட்டார்கள், செருப்பைத் தொலைத்ததற்கு.

ஜூலை 20

புது ட்ரிக்கர் வந்துவிட்டது. நானும் சும்மா இல்லை.

“ஆடி மாசத்துல புதுசா ஒண்ணும் மாட்டக் கூடாது தம்பி” என்றேன்.

செக்ரட்டரி செல்வகுமார் சிரித்தார். “துப்பாக்கிக்குமா ஆடி?”

“துப்பாக்கி எந்த ஊர்ல கீது? விழுப்புரத்துலதானே?”

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் ‘அம்மா சொல்றதும் சரிதான்’ என்று தலையாட்டினார்கள். புது ட்ரிக்கர் பெட்டியோடு பீரோவுக்குள் போய்விட்டது. குசுமா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். என்ன சிரிப்பு அது?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பழைய ட்ரிக்கர், பழைய முருகா, எல்லாம் பத்து. இந்த ஆடி இன்னும் ஒரு மாசம் இருந்தால்தான் என்ன?

ஆகஸ்ட் 17, ஆவணி ஒண்ணு

மாட்டிட்டான், பாவி.

ஓம் மு— டமார்! குண்டு மண்மேட்டில். காகிதத்தில் ஓட்டையே இல்லை. அடுத்தது ‘ஓம்’ முடியறதுக்குள்ளயே. சரி, சின்னப் பேராகப் பார்ப்போம் என்று ‘சிவா’ சொன்னேன். அப்பன் பேரும் முடியவில்லை!

“டேய் கண்ணையா, பழசையே மாட்டித் தொலைடா. சாமி பேரைக்கூட சொல்ல விடாத சனியன் இது.”

“யக்கா, நீ பேசிக்கினே சுட்டா ட்ரிக்கர் என்னா பண்ணும்?”

குசுமாவுக்கு எல்லாம் பத்து. மூச்சுகூட விட்டாளோ என்னவோ.

ஆகஸ்ட் 20

வேண்டிக்கொண்டேன். “முருகா, அந்தத் துப்பாக்கி மெட்ராசுல மெடல் வாங்கினா உனக்கு மொட்டை போடறேன்.”

வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “யாருக்கு, துப்பாக்கிக்கா?” என்றார். இவரோடு முப்பது வருசம்.

ஆகஸ்ட் 24

ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனைதான். சாமி விஷயம் என்பதால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

“ஏம்மா குசுமா, சுடறதுக்கு முன்னாடி நீ சாமி கும்பிட மாட்டியா? மனசுக்குள்ள சொல்லிக்கினே சுடு, நல்லது” என்றேன். அவர்கள் மந்திரம் நீளம். ஆரம்பித்தாலே வெடித்துவிடாதா?

“அதெல்லாம் வெடியகாத்தாலயே முடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுவேன்க்கா. இங்க வந்து சாமிய எதுக்கு அவசரப்படுத்தணும்?”

ஒரு வருசமாகப் பேசாதவள் பேசினால் இப்படித்தான் போலிருக்கிறது. திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டு வரைக்கும் நான் யாரிடமும் பேசவில்லை. கண்டக்டரே, “உடம்பு சரியில்லியாம்மா?” என்றார்.

ஆகஸ்ட் 31, செலக்‌ஷன்

விடிவதற்குள் மயிலம் மலை ஏறி, முருகரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லித் தீர்த்தேன். அவரே அலுத்துப்போயிருப்பார். ரேஞ்சில் வாயைத் திறக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த வீட்டுக்காரர், “கண்ணையா, இந்த ட்ரிக்கர் இன்னொண்ணு கெடைக்குமா? வூட்டுல மாட்டணும்” என்றாராம்.

பத்து, பத்து, பத்து. குசுமாவும் நானும் மாறி மாறிச் சுட்டு ஒட்டிக்கொண்டே போனோம். அவள் முடித்துவிட்டாள். என் கையில் கடைசிக் குண்டு. கடைசிதானே, இவ்வளவு தூரம் கொண்டுவந்தவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடுவோம் என்று—

மு—

ஏழு. குசுமா போகிறாள்.

செப்டம்பர் 2

விளக்கு ஏற்றினேன். முருகரோடு பேசவில்லை.

செப்டம்பர் 21

குசுமா மெட்ராஸிலிருந்து போன் செய்தாள். வெள்ளி மெடல்! “மைக்குல பேர் சொன்னாங்கக்கா, எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல” என்று அழுகிறாள். அடுப்பில் கேப்பைக் கூழ் அடிப்பிடிக்க, நான் கரண்டியோடு கை தட்டுகிறேன். நிஜமாகவே சந்தோஷம்தான். அப்புறம்தான் உறைத்தது—

அந்தத் துப்பாக்கி மெடல் வாங்கினா.

யார் சுடணும்னு சொன்னேனா நான்? சொல்லலியே! நான் யாரை நினைச்சேன்னு முருகருக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அதான் பேஜாரு. இவர் சோபாவில் உருண்டு உருண்டு சிரிக்கிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மயிலத்தில் முடி இறக்கியாயிற்று. குசுமா கூடவே வந்து தலைக்குச் சந்தனம் பூசிவிட்டாள். அவர்கள் ஜைன வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று என்னை மலையிலிருந்து ஜல்தியாக இறக்கினாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள்.

இன்று ரேஞ்ச். வெடிச்சத்தம் கேட்காமல் காதுக்கு மாட்டும் மூடி முன்பெல்லாம் என் கொண்டையில் இடித்து நழுவும். இப்போது கச்சிதமாக உட்காருகிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டு குசுமா மெட்ராஸ் கதையை மறுபடி ஆரம்பித்தாள். மைக், மேடை, மாலை என்று அவள் உதடு ஆடுவது தெரிந்தது. ஒன்றும் காதில் விழவில்லை. விரலை வைத்தேன்.

பத்து.