யாரும் படிக்காத டாக்டர் சீட்டு

என் பிரியமுள்ள மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு,

நீங்கள் குடிபோதையில் வேன் ஓட்டியதாகக் கோர்ட்டுப் பதிவில் இருப்பது பொய். அந்தப் பொய்யை உங்கள் வாயாலேயே சொல்ல வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பனியன் கம்பெனி மானேஜர். இன்னொருவன் உங்கள் மனைவியின் அண்ணனாகிய நான்.

நீங்கள் தை மாதம் போய்ச் சேர்ந்தீர்கள். இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது. இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்ததற்கு எனக்கு நேரமில்லாதது காரணமல்ல. எழுதினால் என் பெயரையும் எழுத வேண்டும். அதற்குத்தான் கை வரவில்லை. இப்போது எழுதி, டிரைவர்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உங்களுக்குச் சொல்வதை அவர்களும் கேட்கட்டும்.

சாராயக் கடைகளைத் திறந்துவிட்ட வருஷத்து ஐப்பசி அது. தீபாவளிக்குப் பனியன் அனுப்ப வேண்டும், நூல் இல்லை. நீங்கள் உடுமலைப்பேட்டை மில்லிலிருந்து நூல் பண்டல் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். உங்களுக்கு வயிற்று வலி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வைத்தியர் கொடுத்த, சாராய வாடை வீசும் அரிஷ்டத்தில் ஒரு மூடி குடித்தீர்கள். ஊருக்குள் நுழையும்போது ஒரு மாட்டு வண்டியின் சக்கரத்தில் வேன் உரசியது. மாட்டுக்கும் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போலீஸ்காரர் உங்கள் வாயருகே மூக்கை நீட்டினார். அந்த வருஷம் டிரைவர்கள் வாயை மோந்து பார்ப்பதே அவர்களுக்கு வேலை. வேனை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு உங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் உங்களை நடக்கச் சொன்னார், பேசச் சொன்னார், இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு கேஸ் கட்டுக்குள் போயிற்று. அதை யாரும் படிக்கவில்லை.

மறுநாள் காலை கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் நாம் மூன்று பேரும் நின்றது நினைவிருக்கிறதா? மானேஜர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க நாச்சிமுத்து, நூல் இல்லாம மெஷின் பூராவும் நிக்குதுங்க. கேஸை ஒத்துக்குங்க. அபராதத்தைக் கம்பெனி பாத்துக்கும். வண்டி இன்னிக்கே வந்துருமுங்க."

"நான் குடிக்கலீங்களே" என்றீர்கள்.

"குடிச்சீங்கன்னு நான் சொன்னனுங்களா? ஒத்துக்குங்கன்னுதானுங்களே சொல்றேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். நாலாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு நானே இங்கிலீஷ் கற்றவன் என்றும், மோட்டார் சட்டப் புத்தகம் வைத்திருப்பவன் என்றும் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு சொன்னேன்: "மாப்ள, சட்டத்துல ஜெயில் இல்லைன்னா அபராதம்னுதான் போட்டிருக்குதுங்க. மொத கேஸுக்கு அபராதந்தான். ஒத்துக்கிட்டு வாங்க, போலாம்."

அதிக பாரம் ஏற்றினால் ஒத்துக்கொள்வது. விளக்கில்லாமல் வந்தால் ஒத்துக்கொள்வது. கேஸ் என்றால் ஒத்துக்கொண்டு, பணத்தைக் கட்டிவிட்டு, மத்தியானத்துக்குள் லோடு ஏற்றப் போவது. நம் ஊர் வண்டிக்காரர்களின் வழக்கம் இது. இந்தக் கேஸையும் அதே கணக்கில் சேர்த்தோம்.

நீங்கள் கூண்டில் ஏறி "ஆமாங்க சாமி" என்றீர்கள். இரண்டு வார்த்தை. மாஜிஸ்டிரேட் அபராதம் போட்டார். பிறகு இன்னொரு வரி படித்தார். அது உங்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. வெளியே வந்து நீங்கள் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினீர்கள், முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள் என்று. குமாஸ்தா அதை வாங்கி மேஜைக்குள் போட்டார்.

"எப்பங்க தருவீங்க?"

"ஒரு வருஷம் கழிச்சு."

நீங்கள் சிரித்தீர்கள். அவர் கேலி பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு என்னை இன்றும் விடவில்லை.

புத்தகத்தில் அது இருந்தது, மாப்பிள்ளை. தண்டனைப் பிரிவைப் படித்த நான், லைசென்ஸ் பிரிவைப் படிக்கவில்லை. அது பல பக்கம் முன்னால் இருந்தது. தீர்ப்பு கொடுக்கும் கோர்ட்டே லைசென்ஸைத் தடை செய்யலாம், தீர்ப்பை லைசென்ஸிலேயே எழுதலாம் என்று இருந்தது. மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீலிடம் ஓடினேன். "அவரே ஒத்துக்கிட்டாரே, இனிமே தண்டனை அதிகம்னு வேணும்னா கேக்கலாம், குடிக்கலைன்னு கேக்க முடியாது" என்றார். கதவை நாமே சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருந்தோம்.

வண்டி வந்தது. மெஷின் ஓடியது. ஒரு வாரம் கழித்து அதே மானேஜர், "குடிகார டிரைவரை வெச்சிருக்கறதா முதலாளி சத்தம் போடறாருங்க" என்று கணக்கைத் தீர்த்தார். அபராதத்தைக் கட்டி, ஆளையும் அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து லைசென்ஸ் வந்தது, சிவப்பு மையில் இரண்டு வரியோடு. ஊத்துக்குளி வெண்ணெய் வண்டிக்குக் கேட்டீர்கள். நெருப்பெரிச்சலில் லாரி வைத்திருப்பவரிடம் கேட்டீர்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். லைசென்ஸைப் பிரித்துப் பார்த்ததும், "நாளப்பின்னைக்கு வண்டி எங்காச்சும் மோதிருச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் இதைத்தானுங்க காட்டுவான்" என்று மரியாதையாகவே திருப்பித் தந்தார்கள். கடைசியில் சலவைப் பட்டறையில் ஈரத் துணி தூக்கப் போனீர்கள். தண்ணீரிலேயே நின்று நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் என்ன பெயர் சொன்னால் என்ன? உங்கள் சாவுக்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

காரியம் முடிந்த அன்று என் தங்கை ராமாத்தாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அழவில்லை. கேட்டாள்:

"அண்ணா, மறைக்காமச் சொல்லுங்க. அன்னிக்கு அவரு குடிச்சிருந்தாரா?"

"நீ என்ன நெனைக்கற?" என்றேன்.

"கோர்ட்ல அவரே ஒத்துக்கிட்டாரு. எங்கிட்ட மட்டும் இல்லைன்னு சத்தியம் பண்ணுனாரு. எதை நான் நம்பறது? ரெண்டு வருசம் அவரோட மொகங்கொடுத்துப் பேசல நான்."

இது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு வருஷம் எப்படி இருந்தீர்கள்? மச்சான்தான் ஒத்துக்கச் சொன்னார் என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாமே? ஏன் என்னைக் காப்பாற்றினீர்கள்?

கோர்ட்டில் நகல் கேட்டு மனுப் போட்டேன். நாலு மாதம் நடந்தேன். கடைசியில் உங்கள் கேஸ் கட்டின் நகல் வந்தது. டாக்டர் சீட்டை அகராதியோடு படித்தேன். வாயில் சாராயச் சத்தின் வாடை இருக்கிறது, நடை நேராக இருக்கிறது, பேச்சு தெளிவு, போதைக்கு ஆட்பட்டவரல்ல. நாலே வரி. அன்று அந்த நாலு வரியை ஒருவர் சத்தமாகப் படித்திருந்தால் கேஸ் நின்றிருக்காது.

படித்த பிறகும் ராமாத்தாளிடம் போகவில்லை. போனால், ஒத்துக்கொள்ளச் சொன்னது யார் என்று கேட்பாள்.

ஆனி மாதம், நீங்கள் ஓட்டிய வேனையே இப்போது ஓட்டும் சென்னியப்பன் அதே குடிபோதைக் கேஸில் மாட்டினான். அதே வேப்பமரம், அதே மானேஜர், அதே கைக்கடிகாரம். நான் நகலை மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"மாஸ்டருங்க, துணி வெட்டற வேலைய உட்டுப்போட்டு வக்கீல் வேலைக்கு வந்துட்டீங்களா?" என்றார் மானேஜர்.

"ஒரு துணியத் தப்பா வெட்டிப்போட்டனுங்க. இன்னொண்ணு வெட்ட உடமாட்டேன்" என்றேன்.

சென்னியப்பனைத் தனியே கூட்டிப் போய்க் கேட்டேன். தலை குனிந்தான். "குடிச்சனுங்கண்ணா. ரெண்டு கிளாஸ். கண்ணு மங்கித்தான் இருந்துது." எனக்கு எரிச்சலாக வந்தது. உங்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை இவனுக்காகவா செலவழிப்பது? குடித்துவிட்டு நாலு பேர் உயிரின் மேல் வண்டி ஓட்டுகிறவனுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். பிறகு, அவன் எதை ஒத்துக்கொள்ளப் போகிறான் என்பதையும் சொன்னேன். ஜெயிலும் உண்டு, லைசென்ஸ் போகும், போனது திரும்பினாலும் மை அழியாது, மேல் கோர்ட்டில் மறுக்க முடியாது. இன்னொரு தடவை மாட்டினால் தண்டனை கூடும்.

"தெரிஞ்சே ஒத்துக்கறனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியேறினான். அவனுக்கும் லைசென்ஸ் போயிற்று. ஆனால் குமாஸ்தா வாங்கி மேஜையில் போட்டபோது அவன் சிரிக்கவில்லை.

அன்று நேராக ராமாத்தாள் வீட்டுக்குப் போனேன். சீட்டைத் தமிழில் படித்தேன். ஒத்துக்கச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். உள்ளே போனாள். உங்கள் லைசென்ஸை எடுத்து வந்து, போட்டோ இருக்கும் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதனிடம் சொன்னாள்: "சொன்னீங்களே, கேக்காமப் போயிட்டனே." என் பக்கம் திரும்பவே இல்லை. இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும். உங்களுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கட்டும்.

இனி ஆக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பதற்கு முன்னால் டாக்டர் சீட்டைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டியது கோர்ட்டு. லைசென்ஸ் போகும் என்பதை அப்போதே சொல்ல வேண்டியதும் கோர்ட்டுதான். வண்டி வேண்டுமென்றால் ஜாமீன் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டியது முதலாளி. அதற்கு டிரைவரின் வாயைக் கேட்கக் கூடாது. உங்களைக் குடிகாரன் என்று சொன்ன வாயாலேயே, இல்லை என்று ராமாத்தாள் முன்னால் வந்து சொல்ல வேண்டியது மானேஜர். குடித்தால் சாவியைத் தொடாமல் இருக்க வேண்டியது டிரைவர். குடிக்காதபோது "ஆமாங்க சாமி" என்று சொல்லாமல் இருக்க வேண்டியதும் அவர்தான்.

கோர்ட்டு நடக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வேப்பமரத்தடியில் முழுப் புத்தகத்தோடு நிற்க வேண்டியது நான். நிற்பேன், மாப்பிள்ளை.

பாதி படித்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொன்ன,
உங்கள் மச்சான்
ரங்கசாமி