மாங்காட்டில் கைமாறிய லென்ஸ்

அன்புள்ள ராணிக்கு, உன் முட்டிவலி குறைந்ததா? பூந்தமல்லியில் நான் ராஜாவாட்டம் இருக்கிறேன்.

நேற்று மாங்காட்டில் ஒரு பிறந்தநாள். மங்கலான ஹாலில் ஐந்நூறு பிள்ளைகள் ஓட்டம். இருட்டிலும் ஓடுகிறவர்களைத் தெளிவாகப் பிடிக்கும் என் ஐம்பது எம்எம் லென்ஸை, என்னோடு தங்கி, கூடவே படமெடுக்க வரும் கிரண் கேட்டான். "அண்ணாத்தே, உன் கைக்கு அது இன்னாத்துக்கு? நீ ஜூம்லயே பின்னிடுவ!" உச்சி குளிர்ந்து கொடுத்துவிட்டேன்.

ஜூமுக்கு வெளிச்சம் பற்றவில்லை. பிளாஷைக் கூரைக்குத் திருப்பினேன். அங்கே முழுக்கச் சிவப்புப் பலூன். அதில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில், படத்தில் பிள்ளைகள் எல்லாம் தக்காளியாகிவிட்டார்கள்.

கிரண் பிறந்தநாள் வீட்டம்மாவிடம் தன் படங்களைக் காட்டி, "பெருசுக்குக் கண்ணு போச்சும்மா" என்று சொல்லி, அந்த அம்மா எனக்குப் பேசிவைத்திருந்த பள்ளி விழாவைத் தனக்கு வாங்கிக்கொண்டான். அவனுக்குப் பிளாஷ் பிடிக்கவே கற்றுக்கொடுத்தவன் நான். இன்று வேறு அறைக்கும் போய்விட்டான்.

எனக்கென்ன, ஆயிரம் விழா வரும். என்னைக் கூட்டிப்போகக் கார் வந்து ஹாரன் அடிக்கிறது. ஊறுகாயை இனி சின்ன பாட்டிலில் அனுப்பு. ஒருத்தன் எவ்வளவு தின்பான்?

லோகநாதன்