மண்டபம் கிடைத்த நாள்

இந்த நகரின் கிளென் வேவர்லிப் பகுதியிலிருந்து இன்று ஒரு அழைப்பிதழ் வந்தது, பெண் வயதுக்கு வந்ததற்குச் செய்யும் சாமத்தியச் சடங்குக்கு. கனத்த அட்டை, தங்க எழுத்து, தை மாதத்து மண்டபம். பிரித்ததும் உன் சிரிப்புதான் காதில் கேட்டது.

வளரிளம் பருவ ஆய்வில் நீயும் நானும் ஒரே அறையில் இருந்த காலம். மகள் எப்போது வயதுக்கு வந்தாள் என்று தாய்மாரைக் கேட்டிருந்தோம். இனவாரியாகப் பிரித்துப் பார்த்தால், இங்கு குடியேறிய ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தாமதம் என்று வந்தது. குழுவில் ஒரே உற்சாகம். மரபணு என்றார் ஒருவர், சாப்பாடு என்றார் இன்னொருவர். மதுரைக்காரி எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. அப்படியானால் ஈழத் தமிழர் அதிகம் வாழும் பகுதிப் பிள்ளைகளுக்கு மாதவிடாய் பற்றிய பாடத்தை உயர்நிலைப் பள்ளிக்குத் தள்ளிவிடலாமே என்று பேச்சு எழுந்தது. நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

மறுநாளே தாய்மாருக்குப் போன் போட ஆரம்பித்தாய். முதலில் உன் ஊர் மன்னாரில் யார், என்ன என்று ஊர்க்கதை, ஆய்வெல்லாம் அப்புறம்தான். நடுவில் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "இவை எல்லாரும் சடங்கு செய்த நாளைத்தான் சொல்லியிருக்கினம். பிள்ளை பெரிய பிள்ளையானது அதுக்கு முதல் வருசமாம்." மண்டபம் கிடைக்க வேண்டும், பள்ளி விடுமுறை வர வேண்டும், லண்டன் மாமாவுக்கு லீவு கிடைக்க வேண்டும். உடம்பு அதற்கெல்லாம் காத்திருக்குமா? எங்கள் பக்கம் கையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

பாடத்தைத் தள்ளக் கூடாது என்று நீ சண்டை பிடித்தபோது, ஏன் இத்தனை கோபம் என்று கேட்டேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. ரத்தத்தைக் கண்டிட்டு சாகப்போறன் எண்டு நினைச்சனான்" என்றாய். பாடம் தொடக்கப் பள்ளியிலேயே தொடர்ந்தது.

நீ இறந்து இரண்டு வருடமாகிறது. இந்த இனம் இப்படி, அந்த இனம் அப்படி என்று ஏதாவது முடிவு வந்தால் இப்போது நான் சட்டென்று நம்புவதில்லை. யாரைக் கேட்டோம், அவர்கள் எதை நினைத்துச் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளப் போனை எடுக்கிறேன். வேலை இழுக்கிறது என்று இளையவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

போன மாதம் என் மகள் பள்ளியிலிருந்து கூப்பிட்டாள். நீ காப்பாற்றிய அந்தப் பாடத்தைப் படித்தவள். "அம்மா, பீரியட்ஸ் வந்துடுச்சு. ஐ'ம் ஓகே. நெட்பால் முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குரலில் துளி பயம் இல்லை. நான் காரில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். நீ இருந்திருந்தால் என் முதல் போன் உனக்குத்தான்.