எல்லம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த குஞ்சுகள்

கள்ளிக்குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்வாதிக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுத மனசு வரவில்லை, இருக்கிறோம். உன் உடம்பும் மனசும் தேற அந்த அம்மன் கண் திறக்கட்டும். போனில் நீ “ம்” என்பதோடு சரி, அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள், நான் சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுகிறேன், அதனால்தான் இந்தக் கடிதம். நொய்டாவில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதில் பஞ்சு வை, தலைக்குத் துணி கட்டு. குழந்தை கையில் இல்லாவிட்டாலும் உன்னுடையது பச்சை உடம்புதான்.

நீ பிரசவத்துக்கு இங்கே வந்து படுக்கும்போது வீட்டில் வளர்த்த நாட்டுக்கோழியில்தான் பத்தியக் குழம்பு என்று அம்மாவுக்கு ஒரே பிடிவாதம், உனக்கே தெரியும். செங்கோழி அடைக்குப் படுத்ததும் அன்னக்கூடையில் மணல் பரப்பி முட்டை வைத்தாள், இடிச் சத்தத்தில் கெட்டுவிடக் கூடாதென்று ஒரு ஆணியும் அடுப்புக்கரியும் சேர்த்து வைத்தாள். ஆறாம் மாதத்திலேயே நம் குழந்தை போய்விட்டதென்று மாப்பிள்ளை ஜெகதீஷ் போனில் சொன்ன அதே வாரம் இங்கே ஏழு குஞ்சு பொரிந்தது. அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. முட்டைக்கு ஆணி வெக்கத் தெரிஞ்சுது, பெத்த பொண்ணு பக்கத்துல போய் குந்தத் தெரியலியே என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நொய் போடுவதும், தண்ணீர்த் தட்டில் விழுந்து நனையாமல் இருக்கக் கூழாங்கல் போடுவதும், காக்காய்க்குப் பயந்து பஞ்சாரக் கூடையைக் கவிழ்ப்பதும் நான்தான். பாடி கம்பெனியில் லேத் ஓட்டிய கைக்கு, ஒரு குஞ்சை நசுக்காமல் பிடிக்கவே பழக வேண்டியிருந்தது.

உன்னை இங்கே கொண்டுவந்து விடுவதாக மாப்பிள்ளை சொன்னதும் எங்களுக்குப் பயம் வந்துவிட்டது, நீ வாசலில் நுழைந்ததும் தாயும் குஞ்சுமாகச் செங்கோழி உன் எதிரே மேயுமே என்று. மண்ணூர்பேட்டையில் அம்மாவோடு வேலை பார்த்த எல்லம்மா வீட்டிலும் ஒரு கோழி குஞ்சு பொரித்திருந்தது, அதோடு சேர்ந்துவிடும் என்று ஏழு குஞ்சையும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தால் செங்கோழி கட்டிலுக்கு அடியிலும் வாஷிங் மெஷின் பின்னாலும் கூப்பிட்டுக்கொண்டே அலைகிறது, தீனியைத் தொடவில்லை. அன்றைக்குத்தான் அம்மா வாய்விட்டு அழுதாள். அதுங்கிட்டேர்ந்து புடுங்கிகினு போய் உட்டா நம்ம பொண்ணு மனசு ஆறிடுமாயா, இன்னா ஜென்மம் நாம என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோ பிடித்து ஓடினேன். எல்லம்மா பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், அவள் கோழி கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றைக் கொத்திக் கொன்றுவிட்டதாம். மீதி ஆறு குஞ்சோடு வந்தேன். செங்கோழி எல்லாவற்றையும் இறக்கைக்குள் வாங்கிக்கொண்டது, ஆனாலும் ரொம்ப நேரம் உட்காராமல் வாசலைப் பார்த்தே நின்றது. எனக்கு நெஞ்சு தாங்கவில்லை ஸ்வாதி. உன்னிடம் ஒன்றும் பேசாமல் இருந்தால் உனக்கு மறந்துவிடும் என்று நினைத்தோம், அதுவும் இதே மாதிரி தப்புதான்.

வெறுங்கையோடு எப்படி நைனா வீட்டுக்குள் நுழைவேன் என்று நீ அழுததாக மாப்பிள்ளை சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னேன். அவ பொறந்து ஆஸ்பத்திரிலேர்ந்து ஊட்டுக்கு வந்தப்போ கையில இன்னாத்த எத்துகினு வந்தா, வெறுங்கையோடதான வந்தா, அதுக்கே நாம தெருவுக்கெல்லாம் சக்கரை குடுக்கலியா, வரச் சொல்லுயா என்றாள். சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள். இந்த ஆறு குஞ்சையும் அறுக்கப் போவதில்லை, உனக்கு ஆட்டுக்கால் சூப்தான்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ரயிலில் கீழ் பெர்த்தாகக் கேட்கச் சொல். பெட்டி, பை எதையும் நீ தூக்காதே. வெறுங்கையோடே வாம்மா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
நைனா எத்திராஜ்